சுடாத புகை

நெருப்பில்லாம புகையாதுன்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. அதைப் பொய்யாக்கிக் காட்டறதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வாய் நிறைய பேஸ்ட் நுரையோட, லிஃப்ட்காரர் முடிவு பண்ணினார். பெரிய முடிவெல்லாம் அவருக்குப் பல் விளக்கும்போதுதான் தோணும். அந்த வீட்டுல குறுக்கே யாரும் பேசாத நேரம் அது ஒண்ணுதான்.

லிஃப்ட்காரர்ங்கிறது பட்டப்பேர் இல்லை, பிழைப்பு. ஊர்ல பாதி கட்டடத்துக்கு லிஃப்ட் ரிப்பேர் அவர்தான். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு அலறினவங்களை எல்லாம் பத்திரமா இறக்கி விட்ட கை அது. வீட்டுல அவர் மாட்டிக்கிட்டா இறக்கி விட ஆள் கிடையாது.

அவங்க குடியிருக்கிற அடுக்குமாடி கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. அதுக்கு ஒரு விழா. விழாவுல ஜோடி ஜோடியா மாறுவேடப் போட்டி. தலைப்பு, ‘மறக்க முடியாத நாள்’. லிஃப்ட் பக்கத்துல செயலாளர் நோட்டீஸ் ஒட்டிட்டார். அடியில கொட்டை எழுத்துல ஒரு வரி: மேடையில் நெருப்பு, பட்டாசு, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. போன வருஷப் பொங்கல் விழாவுல ராக்கெட் வேஷத்துல வந்த பல் டாக்டர், மேடைத் திரையில பாதியை விண்வெளிக்கு அனுப்பிட்டார். அந்தப் பயம்.

லிஃப்ட்காரருக்கு மறக்க முடியாத நாள்னா ஒண்ணுதான். கல்யாணமான புதுசு. ரெண்டு பேரும் தனியாப் போன முதல் பயணம். கரி எஞ்சின் ரயில். ஜன்னலோரம் வீட்டுக்காரம்மா. அதுவரைக்கும் அவங்க ரெண்டு பேரும் பேசினதை எல்லாம் கூட்டினா நாலு ‘ம்’மும் ரெண்டு ‘ம்ஹூம்’மும் தேறும். வளைவுல வண்டி திரும்பிச்சு. எஞ்சின் குப்புன்னு ஒரு புகை விட்டுது. ஒரு கரித்தூள் பறந்து வந்து நேரா அவங்க கண்ணுல விழுந்தது. “ஐயோ, கண்ணு!”ன்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கையை அவர் இன்னும் கழுவலைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஆனா மனசுக்குள்ள அப்படித்தான்.

வாயைக் கொப்பளிச்சுட்டு நேரா ஹாலுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில பாதியை தையல் மெஷின் பிடிச்சிருந்தது. வீட்டுக்காரம்மா யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைச்சுக்கிட்டு இருந்தாங்க.

“நான் எஞ்சின்”னார் அவர்.

“காலங்காத்தால என்ன ஆச்சு உங்களுக்கு?”

“போட்டிக்குச் சொல்றேன். நான் கரி எஞ்சின். நீ அன்னிக்கு வந்த பொண்ணு. பெட்டியும் கையுமா பக்கத்துல நிக்கற. என் தலையில புகைபோக்கி. அதுல நிஜமா புகை வரும்.”

“நெருப்பு வைக்கக் கூடாதாமே?”

“நெருப்பு எதுக்கு? அது இல்லாமலே புகை.”

“நடக்கிற காரியமாச் சொல்லுங்க.”

“ஏன், அன்னிக்கு உன் கண்ணுல விழுந்த தூசியை ஊதி எடுத்தது யாரு? என்னால முடியாதது எது?”

“நீங்க ஊதின ஊதுல இன்னொரு கண்ணுலயும் விழுந்துது. எடுத்து விட்டது எதிர் சீட்டு அம்மா.”

“எந்த எதிர் சீட்டு அம்மா? அந்தப் பெட்டியில நாம ரெண்டு பேர்தான்.”

“உங்களுக்கு அப்படி இருந்திருக்கும். அந்தப் பெட்டியில நிக்க இடம் கிடையாது.”

லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. “புகை வந்துட்டா என்ன பண்ற?”

வீட்டுக்காரம்மா மெஷினை நிறுத்தினாங்க. அவங்க மெஷினை நிறுத்திட்டுப் பேசினா உஷாரா இருக்கணும்னு இத்தனை வருஷத்துல அவர் கத்துக்கிட்டிருக்க வேண்டாமா?

“அந்த சாமான் ரூம் இருக்கே...”

இருக்கு. அதுதான் அந்த வீட்டோட எல்லைப் பிரச்சினை. உடைஞ்சது, ஓய்ஞ்சது, ஓடாததுன்னு லிஃப்ட்காரர் இத்தனை வருஷமா சேர்த்தது எல்லாம் அங்கேதான். அவருக்கு அது அருங்காட்சியகம். அவங்களுக்கு அது குப்பைக் கிடங்கு. தையலுக்கு ஒரு ரூம் வேணும்னு அவங்க கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. சாப்பாட்டுல நூல் வருதுன்னு அவர் சொல்வார். நூல்ல சாப்பாடு வருதுன்னு அவங்க சொல்வாங்க.

“புகை வரலைன்னா அந்த ரூம் எனக்கு. வந்துட்டா, அங்கே இருக்கிற ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட மாட்டேன். அதைப் பத்தி வாயையும் திறக்க மாட்டேன். ஆயுசுக்கும்.”

“நிஜமாவா?”

“ஒரே ஒரு நிபந்தனை. ஏதோ ஒரு புகைன்னு ஏமாத்தக் கூடாது. நாம அன்னிக்குப் பார்த்த புகை. நான் பார்த்து, ‘ஆமா, இதுதான்’னு சொல்லணும்.”

“சரி.”

ஆழம் தெரியாம காலை விடறதுன்னு சொல்வாங்க. இவர் தலையையே விட்டார்.

ஆனா வெறுங்கையோட இறங்கலை. ஒரு பெரிய ஆபீஸ் வாசல்ல அலங்காரத் தொட்டி ஒண்ணு அவர் பார்த்திருக்கார். கல்லுக்கு நடுவுல பனி மாதிரி புகை எழும்பிக்கிட்டே இருக்கும். லிஃப்ட் சரி பண்ணப் போனவர், அதுக்குள்ளயும் தலையை விட்டுப் பார்த்துட்டார். காசு அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். கரண்ட் கொடுத்தா கண்ணுக்குத் தெரியாத வேகத்துல நடுங்கும். மேல நிக்கிற தண்ணி பொடிப்பொடியா சிதறி பனியா கிளம்பும். சூடு கிடையாது. நாத்தம் கிடையாது. சுத்தமான தண்ணியா ஊத்திட்டா மூச்சுல போனாலும் பயம் கிடையாது. பேட்டரியை ஈரம் படாத பையில போட்டு இடுப்புல கட்டிக்கலாம். நெருப்பில்லாத புகை. பெரியவங்க காலத்துல இந்தத் தகடு இல்லை, பாவம்.

தெருமுனையில பார்ட்ஸ் கடை. அங்கே ஒரு தம்பி. தகட்டை எடுத்து வச்சான். லிஃப்ட்காரர் பர்ஸை எடுத்தார்.

“காசு வேணாம் அண்ணே.”

“ஏன்ப்பா?”

“உங்ககிட்ட பழசு ஏதாவது இருக்குமே? ஓடலைன்னாலும் பரவாயில்லை. கடை முகப்புல அலங்காரமா வைக்கணும். இப்பல்லாம் ஜனங்க புதுசை வாங்க வந்தாலும் பழசைப் பார்த்துட்டுத்தான் உள்ளே வர்றாங்க.”

காசு மிச்சம். லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து, சாமான் ரூமுக்குள்ள நுழைஞ்சு, பழைய ரேடியோவைத் தூக்கிட்டு வந்தார். வீட்டுக்காரம்மா பார்த்தாங்க.

“மக பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் இதைத்தானே போட்டீங்க? ஏதாவது பாட்டு வரும்னு?”

“ஆமா. வானிலை அறிக்கை வந்துது. பலத்த காற்று வீசும்னான்.”

“சரியாத்தான் சொல்லியிருக்கான். அவ குணத்துக்கு.”

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ரேடியோ போச்சு.

முதல் சோதனை ஹால்ல நடந்தது. அட்டையில புகைபோக்கி செஞ்சு, கறுப்பு அடிச்சு, தொப்பி மாதிரி தலையில மாட்டிக்கிட்டார். உள்ளே சின்னக் கிண்ணத்துல தண்ணி, தண்ணிக்குள்ள தகடு. சுவிட்சைத் தட்டினார். புகை வந்துது! வந்தது மேல போகலை. புகைபோக்கி விளிம்புல வழிஞ்சு, நெத்தியில இறங்கி, மூக்குல பிரிஞ்சு, தாடை வரைக்கும் தொங்கிச்சு.

வீட்டுக்காரம்மா நிதானமா பார்த்தாங்க. “சவரம் பண்ணிக்கப் போறீங்களா?”

“குளிர்ந்த பனி கீழதான் இறங்கும். அது இயற்கை.”

“அன்னிக்குப் புகை மேல போச்சே.”

“போச்சு.”

“அப்ப இது இல்லை.”

மேல தள்ள ஒரு சின்ன விசிறி வேணும். கடைத் தம்பி உள்ளங்கை அளவுல ஒண்ணு கொடுத்தான். பதிலுக்கு மேஜை ஃபேன் போச்சு. அந்த ஃபேனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம்தான் திரும்பும். எந்த ரூம்ல எப்படி வச்சாலும் கடைசியில வீட்டுக்காரம்மா பக்கமே நிக்கும்.

“அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை”ன்னு அவங்க வாசப்படியில நின்னபடியே சொன்னாங்க. ரூமுக்குள்ள காலே வைக்கலை. தூசி அலர்ஜின்னு லிஃப்ட்காரர் நினைச்சுக்கிட்டார்.

ரெண்டாவது சோதனை. புகை மேல போச்சு. நேரா, ஒரே சீரா போச்சு.

“எப்படி?”ன்னார், கழுத்தை ஆட்டாம. ஆட்டினா கிண்ணத்துத் தண்ணி முதுகுல ஊத்தும்.

“அடுப்புல கெட்டில் வச்ச மாதிரி இருக்குங்க. எஞ்சின் விட்டு விட்டுத்தானே விட்டுது? குப்... குப்... குப்... நீங்ககூட அன்னிக்கு அந்தத் தாளத்துக்கு முழங்கால்ல தட்டிக்கிட்டே வந்தீங்களே?”

அவருக்கு உச்சி குளிர்ந்து போச்சு. பாதி ஞாபகத்துல, பாதி கிண்ணத்துல. இவ அதையெல்லாமா பார்த்துக்கிட்டு வந்தா? ம், ம்ஹூம்னு உட்கார்ந்திருந்தவ?

“உனக்கு எப்படித் தெரியும்? நீதான் ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டு இருந்தியே.”

“பாதி மூடின ஜன்னல் கண்ணாடியில உங்க முழங்கால் தெரிஞ்சுது.”

அதுக்கப்புறம் அந்த மனுஷனைக் கையில பிடிக்க முடியுமா? புகையை விட்டு விட்டு விட ஒரு மூடி வேணும். திறந்து மூடுற கதவுன்னா அவருக்குச் சொல்லித் தரணுமா? ஒரு குட்டி மோட்டார் வாங்கினார், டைப்ரைட்டரைக் கொடுத்து. அதுலதான் அவர் முதல் வேலைக்கு விண்ணப்பம் அடிச்சார். ‘ட’ அடிச்சா ‘ப’ விழும். அதனாலேயே அந்த வேலை கிடைக்கலை. மோட்டாரை வச்சு, லிஃப்ட் கதவு மாதிரி ரெண்டு பக்கமும் விலகுற மூடி ஒண்ணு செஞ்சு மாட்டினார்.

சோதனை. மூடி திறந்துது. குப்புன்னு புகை. கூடவே ‘டிங்’.

“அது என்ன டிங்?”

கதவுன்னு ஒண்ணை மாட்டினா மணியையும் சேர்த்து மாட்டிட வேண்டியது. கை பழகின பழக்கம். யோசிச்சு செஞ்சதில்லை.

குப், டிங். குப், டிங்.

“நாலாவது மாடி வந்தாச்சா?”ன்னாங்க வீட்டுக்காரம்மா. “நான் இறங்கிக்கிறேன்.”

அந்த மணியைக் கழட்டறதுக்குள்ள இன்னொரு கூத்து. சிரிச்ச சிரிப்புல கிண்ணத்துல தண்ணி தீர்ந்ததைக் கவனிக்கலை. தகடு காய்ஞ்சு, நடுங்கி, உயிரை விட்டுது. புதுத் தகட்டுக்குப் பதிலா பழைய கேமரா போச்சு. மக நடக்கப் பழகினப்போ எடுத்த படத்துல எல்லாம் அவ தலை இருக்காது, கால் மட்டும்தான் இருக்கும். ‘நடக்கறதைத்தானே எடுத்தேன்’னு அன்னிக்கு அவர் வாதாடினார். அதை இன்னிக்கு ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி, சாப்பாடு ஆறிப் போச்சு.

இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு குறை. ஒவ்வொரு குறைக்கும் ஒரு சாமான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை. லிஃப்ட்காரருக்குக் கதைதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டுக்காரம்மா அவர்கூட உட்கார்ந்து மணிக்கணக்குல பேசறாங்க. தையல் மெஷின் தூங்குது. ‘இந்தப் புகை இன்னும் கொஞ்சம் சரியில்லாமப் போகக் கூடாதா’ன்னு கூட ஒரு தடவை நினைச்சுக்கிட்டார்.

அட்டையில செஞ்ச எஞ்சின் வயிறு ஈரம் பட்டு அப்பளமா நமுத்துது. உள்ளே இரும்புச் சட்டம் வேணும். சாமான் ரூம் அலமாரியையே பிரிச்சு, அறுத்து, வளைச்சு மாட்டினார். அலமாரியில இருந்ததைத் தரையில இறக்கி வச்சார். சட்டம் மாட்டினதும் எஞ்சின் அந்த ரூம் வாசலை விட அகலமாயிடுச்சு. திரும்பப் பிரிச்சு, ஹால்ல கொண்டு வந்து மாட்டினார். அதுக்கப்புறம் வேலை முழுக்க ஹால்லதான்.

“புகை சரியா கண்ணுக்குத் தெரியலைங்க. அன்னிக்கு வெயில் பட்டு பளபளன்னு இருந்துது.”

புகைபோக்கிக்குள்ள ஒரு விளக்கு வேணும். சாமான் ரூமுக்குன்னு அவர் பேட்டரியில எரியற விளக்கு ஒண்ணைத்தான் தொங்கவிட்டிருந்தார். அதைக் கழட்டி மாட்டிட்டார். அதுக்கப்புறம் ரூம்ல கும்மிருட்டு. தேவைப்பட்டப்போ உள்ளே போய்த் தரையைத் தடவி, கையில அகப்பட்டதை எடுத்துக்கிட்டு வந்தார். ஊதல் சத்தத்துக்கு, விரல் விட்டுச் சுத்துற பழைய டெலிஃபோன் போச்சு. குழாய்க்குச் சுவர்க் கடிகாரம். அதோட ஊசல், எஞ்சினைத் தோள்ல மாட்டற பட்டைக்கு.

கடைசியா வீட்டுக்காரம்மா கேட்டாங்க, “நான் கையில பிடிக்கறதுக்கு அன்னிக்குக் கொண்டு போன இரும்புப் பெட்டி இருக்கா? அதுக்குள்ளதான் நட்டும் போல்ட்டுமா ரொப்பி வச்சிருக்கீங்க.”

“உனக்கு இல்லாததா!” பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, நட்டு போல்ட்டை எல்லாம் சாக்குல கட்டி, கடைத் தம்பி தலையில ஏத்திட்டு, பெட்டியைத் துடைச்சு அவங்க கையில கொடுத்தார். மாப்பிள்ளை மாதிரி குனிஞ்சு கொடுத்தார்.

விழா அன்னிக்கு சாயங்காலம். மேடைக்குக் கீழே நாற்காலியில அடுக்குமாடி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பெட்டியும் கையுமா வீட்டுக்காரம்மா முதல்ல வந்தாங்க. ஒரு ஓரமா நின்னு, ரயில் வருதான்னு எட்டிப் பார்த்தாங்க. எஞ்சின் உள்ளே வந்துது. ஊதல். அப்புறம் குப்... குப்... குப்... புகைபோக்கி வாயில வெளிச்சம் பட்டு வெள்ளை வெள்ளையா புகை சுருண்டு மேல போச்சு. செயலாளர் பதறிப்போய் வாளித் தண்ணியோட எழுந்தார். எஞ்சின் ஒரு கையை நீட்டி, புகைக்குள்ள வச்சு, எடுத்து, ஈரத்தைக் காட்டிச்சு. கைத்தட்டல் கூரையைத் தூக்கிச்சு.

அந்த நேரம் ஒரு புகை வளைஞ்சு போய் வீட்டுக்காரம்மா முகத்துல பட்டுது. அவங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டாங்க. அன்னிக்கு மாதிரியே கையை நீட்டி எஞ்சினோட கையைப் பிடிச்சாங்க. ஒத்திகையில இது இல்லை.

“கண்ணுல விழுந்துதா?”ன்னு எஞ்சின் ரகசியமா கேட்டுது.

“வெறும் தண்ணிதாங்க.”

பிடிச்ச கையை விடலை. அப்புறம் மெதுவா சொன்னாங்க, “ஆமா. இதுதான்.”

முதல் பரிசு பல் டாக்டருக்குப் போச்சு. இந்தத் தடவை எதையும் கொளுத்தாததுக்காக. லிஃப்ட்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? எஞ்சின் வயிறு லிஃப்ட்டுக்குள்ள நுழையலை. அந்தக் கட்டடத்துல அவர் படியேறினது அன்னிக்குத்தான். பாதியில மூச்சு வாங்கி, நிஜமாவே குப்பு குப்புன்னு வீடு வந்து சேர்ந்தார்.

“பந்தயத்துல ஜெயிச்சது யாரு?”

“நீங்கதான். நான்தான் வாயால சொல்லிட்டேனே.”

“ரூம் யாருக்கு?”

“அங்கே இருக்கிற ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட மாட்டேன். சொன்னா சொன்னதுதான்.”

எஞ்சின் வயித்தைக் கழட்டி வச்சார். புகைபோக்கி மட்டும் தலையில. ராஜா கஜானாவைப் பார்க்கப் போற மாதிரி சாமான் ரூம் கதவைத் தள்ளினார். உள்ளே இருட்டு. தலையில இருந்த விளக்கைப் போட்டார். வெளிச்சம் சுவர்ல விழுந்தது. தலையைத் திருப்பினார். அங்கேயும் சுவர். இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் சுவர். தரையில தரை.

“என்ன இது? என் சாமானெல்லாம்?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் இந்த வாசப்படியைத் தாண்டினேனா? ஒண்ணொண்ணா நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க.”

லிஃப்ட்காரர் மனசுக்குள்ள ரேடியோவுல ஆரம்பிச்சு சாக்கு வரைக்கும் ஒரு ஊர்வலம் போச்சு. “அந்தக் கடைக்காரப் பய ஒரு காசு வாங்கலை. அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.”

“அவன் மேல தப்பு இல்லைங்க. அண்ணன்கிட்ட எவ்வளவு வாங்கலாம் அக்கான்னு என்கிட்ட கேட்டான். காசு வேண்டாம்ப்பா, பழசா வாங்கிக்கோன்னேன். நான் பேசினது அவ்வளவுதான்.”

“அப்போ அந்தப் பழைய கதையெல்லாம்... ஜன்னல் கண்ணாடி... முழங்கால்...”

“அதெல்லாம் நிஜம்.”

கோபப்படலாம்னா, நிஜம்னு சொல்லிட்டாங்க. சந்தோஷப்படலாம்னா, ரூம் காலி. வீட்டுக்காரம்மா இப்பத்தான் முதல் தடவையா வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தாங்க. நாலு பக்கமும் பார்த்தாங்க. கையில இருந்த பெட்டியைத் திறந்து, அளவு டேப்பை எடுத்து, ஒரு முனையை அவர் கையில கொடுத்தாங்க.

“விளக்கை அணைச்சுடாதீங்க. இதைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே அந்தச் சுவர் வரைக்கும் போங்க.”

எஞ்சின் குப்புன்னு ஒரு புகை விட்டுட்டு, ரிவர்ஸ்ல போச்சு.